ராச்செஸ்டர் நகரத்து டக்ளஸ் சிலையும் அதன் இடப்பெயர்ச்சியும்

1. முன்னுரை

சான்றோர் ஒருவர்க்கு எடுக்கப்பெற்ற சிலையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பொதுவாக மூன்று வினாக்களை எழுப்புவர். அதனை வடித்தவர் யார்? அதற்குப் பொருள் ஈந்தவர் யார்? அதனைத் திறந்து வைத்தவர் யார்? இவற்றிற்கு விடை கண்ட அளவில் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாகக் கருதி அமைவோரே பலர். அச்சிலை எங்கே நின்றது, யாருடைய கண்ணெதிரே நின்றது என்னும் நான்காவது வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கல்வெட்டு ஒன்றின் வாசகத்தைப் படியெடுத்துவிட்டு, அக்கல் கிடைத்த இடத்தைக் குறிக்காமல் விடுவது எத்துணைப் பெருங்குறை என்பதைக் கல்வெட்டுத் துறையில் பயின்றோர் நன்கறிவர். இடம் நீங்கிய கல், பேசினும் பாதியே பேசும். சிலைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

இதற்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் உள்ள பிரெடரிக் டக்ளஸ் சிலையை எடுத்துக்கொள்வோம். அடிமை முறையை ஒழிக்க வாழ்நாள் முழுதும் போராடிய அப்பெரியார்க்கு 1899ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற அச்சிலை, 1941இல் ஒருமுறையும் 2019இல் ஒருமுறையுமாக இருமுறை இடம் பெயர்ந்தது. அதனை யாரும் பகைமையால் வீழ்த்தவில்லை. இருமுறையும் மதிப்போடுதான் பெயர்த்து நட்டனர். எனினும் ஒவ்வோரிடத்திலும் அது வெவ்வேறு பொருளை உணர்த்திற்று. அவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

2. டக்ளஸும் ராச்செஸ்டர் நகரமும்

டக்ளஸ் 1818ஆம் ஆண்டளவில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளின் பிறந்தநாளை யாரும் குறித்து வைப்பதில்லை. ஆதலின் தம் பிறந்தநாள் எது என்பது அவர்க்கே தெரியாது. 1838ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தப்பி வடநாடு சேர்ந்த அவர், 1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசத் தொடங்கினார். 1845இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அந்நூலால் புகழ் பெருகியது. அப்புகழே அவர் மீண்டும் பிடிபடும் இடரையும் பெருக்கியது. எனவே அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்று இரண்டாண்டுக் காலம் சொற்பொழிவாற்றினார். அங்குள்ள நண்பர்கள் பொருள் திரட்டிக் கொடுத்து 1846இல் அவர்தம் விடுதலையை விலைக்குப் பெற்றுத் தந்தனர்.

1847இல் தாயகம் திரும்பிய டக்ளஸ் ராச்செஸ்டர் நகரில் குடியேறினார். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் ‘வட விண்மீன்’ எனப் பொருள்படும் பெயருடைய தம் இதழின் முதல் ஏட்டை அந்நகரிலிருந்து வெளியிட்டார். இரவில் தப்பியோடும் அடிமைகள் திசையறியப் பயன்பட்ட விண்மீன் அது. கனடா நாட்டின் எல்லையாகிய ஒண்டாரியோ ஏரிக்கு அண்மையில் இருந்தமையின், தப்பி வருவோர்க்கு ராச்செஸ்டர் ஏறத்தாழ இறுதித் தங்கலாக விளங்கியது. டக்ளஸின் இல்லமும் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1852ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அந்நகரத்துக் கொரிந்தியன் மண்டபத்தில், நாட்டின் விடுதலைத் திருநாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என வினவி அவர் ஆற்றிய பேருரை அமெரிக்கச் சொற்பொழிவு இலக்கியத்தில் நிலைபேறு பெற்றது.

அவ்வாண்டளவில் நகரின் தென்புறத்தில், இன்று சவுத் அவென்யூ எனப்படும் சாலையில் இருந்த பண்ணை வீட்டிற்குக் குடும்பம் பெயர்ந்தது. 1872ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் அவ்வீடு தீக்கிரையாயிற்று. அவர் பேணி வைத்திருந்த இதழ்த் தொகுதிகளும் உடன் அழிந்தன. தீ வைக்கப்பட்டதே என்னும் ஐயம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதன்பின் குடும்பம் வாஷிங்டன் நகருக்குச் சென்றது. 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அவர் அங்கு மறைந்தார். ஆயின் அவர் உடல் ராச்செஸ்டர் நகருக்கே கொணரப்பட்டு மவுண்ட் ஹோப் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் கால் நூற்றாண்டு வாழ்ந்த நகரம் அது. அவர்தம் வீடு எரிந்த நகரமும் அதுவே. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் நிறுத்தினாலன்றிச் சிலையின் வரலாறு விளங்காது.

3. சின்னத்தின் தோற்றம்

இன்று டக்ளஸ் சிலை என வழங்கும் இந்நினைவுச்சின்னம் தொடக்கத்தில் டக்ளஸுக்காகக் கருதப்பட்டதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிராகப் போரிட்ட கறுப்பினப் படைவீரர்க்கும் கடற்படையினர்க்கும் ஒரு சின்னம் எழுப்ப வேண்டும் என்பதே முதல் நோக்கம். அந்நகரத்துக் கறுப்பினத்தவருள் ஒருவரான ஜான் டபிள்யூ. தாம்சன் 1894இல் இம்முயற்சியைத் தலைமையேற்று நடத்தினார். மறு ஆண்டு டக்ளஸ் மறையவே, திட்டம் அவர்தம் சிலையாக உருமாறிற்று.

பொருள் திரட்டல் எளிதாக இல்லை. நியூயார்க் மாநில அரசு ஒரு பகுதியை வழங்கியது. எயித்தி நாட்டு அரசும் நன்கொடை அனுப்பியது. அடிமைகளே கிளர்ந்தெழுந்து நிறுவிய அக்குடியரசுக்கு 1889 முதல் 1891 வரை அமெரிக்கத் தூதராக இருந்தவர் டக்ளஸ் என்பதையும், 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அந்நாட்டின் சார்பாக நின்றவர் அவரே என்பதையும் எண்ணின், அந்நன்கொடையின் பொருத்தம் புலனாகும். தாம்சன் இம்முயற்சியின் வரலாற்றைத் தொகுத்து 1903இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். சிலை எடுத்தவரே சிலையின் வரலாற்றையும் எழுதி வைத்தமை, மறக்கப்படுவோம் என்னும் அச்சம் அவர் உள்ளத்தில் இருந்தமைக்குச் சான்று எனக் கொள்வது பிழையாகாது.

சிலையை வடித்தவர் எட்வர்ட்ஸ் என்னும் சிற்பி. மேடையில் நின்று அவையோரை நோக்கிப் பேசும் நிலையில், ஆள் உயரத்தினும் பெரிதாக, வெண்கலத்தில் உருவம் வார்க்கப்பெற்றது. கருங்கற் பீடத்தில் டக்ளஸின் சொற்பொழிவுத் தொடர்கள் பொறிக்கப்பெற்றன. உருவத்தின் மெய்யமைப்புக்கு மாதிரியாக நின்றவர் டக்ளஸின் மகன் சார்லஸ் ரெமாண்ட் டக்ளஸ் ஆவார்.

இச்செய்தியைப் பலரும் குடும்பப் பாசத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கூறிச் செல்வர். நாம் இதில் வேறொன்றைக் காண்கிறோம். 1863இல் கறுப்பினத்தவர் படையில் சேரலாம் என்னும் நிலை வந்தபோது, டக்ளஸ் ஊர் ஊராகச் சென்று மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவுக்கு ஆள் திரட்டினார். அப்படையில் சேர்ந்தோருள் அவர்தம் மைந்தர் சார்லஸும் லூயிசும் அடங்குவர். ஆகவே, சிற்பியின் முன் நின்றவர் உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர் ஒருவரே. தந்தையின் முகமும் மகனின் உடலும் ஓருருவாயின. படைவீரர்க்கு எழுப்பக் கருதிய சின்னம் கைவிடப்பட்டது என்று நூல்கள் கூறும். அஃது இவ்வெண்கலத்தினுள்ளே மறைந்து நிற்கிறது என்பதே நம் துணிபு.

4. முதலிடம்: நகரின் வாயில்

1899ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் சிலை திறக்கப்பெற்றது. அப்பொழுது நியூயார்க் மாநில ஆளுநராக இருந்தவரும் இரண்டாண்டுகளில் நாட்டின் குடியரசுத் தலைவரானவருமான தியோடர் ரூஸ்வெல்ட் விழாவில் உரையாற்றினார். பெயர் குறித்து ஒரு கறுப்பினத்தவர்க்கு அமெரிக்க நாட்டில் பொது இடத்தில் எழுப்பப்பெற்ற முதற் சிலை இதுவே எனக் கருதப்படுகிறது.

சிலை நின்ற இடம் செயின்ட் பால் தெருவும் சென்ட்ரல் அவென்யூவும் கூடும் இடம். அருகே நியூயார்க் சென்ட்ரல் புகைவண்டி நிலையம். அக்காலத்தில் வெளியூரார் பெரும்பாலோர் நகருக்குள் நுழையும் வாயில் அதுவே. நிலையத்தை விட்டு வெளிவந்தவர் முதற்கண் காண்பது டக்ளஸின் உருவம். 1900இல் ஏறத்தாழ 1,62,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில் கறுப்பினத்தவர் மிகச் சிறு தொகையினர். அச்சிறு கூட்டத்தார் முன்னின்று எழுப்பிய சிலை ஊரின் தலைவாயிலில் நின்றது.

தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்ட காலம் அது. தனித்தனி இருக்கை முறை சட்டப்படி செல்லும் என நாட்டின் உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்ததே ஒரு புகைவண்டிப் பெட்டியில் இருக்கை மறுக்கப்பட்டதை முன்னிட்டு. டக்ளஸும் தம் இளமையில் புகைவண்டியிலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டவர். அடிமைத்தளையினின்று அவர் தப்பியதும், மாற்றார் ஒருவர்தம் சான்றிதழைக் கையிற்கொண்டு புகைவண்டி ஏறியே. இவற்றையெல்லாம் கருதித்தான் நிலையத்தருகே இடம் தேர்ந்தனர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அவ்விடத்தில் நின்ற சிலைக்கு இப்பொருள்கள் தாமே வந்து சேர்ந்தன என்பதை மறுத்தல் இயலாது.

ஈண்டு இன்னொன்றும் கருதத்தக்கது. 1914இல் கிளாடு பிராக்டன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த புதிய நிலையம் பழைய நிலையத்திற்குச் சற்றுக் கிழக்கே திறக்கப்பெற்றது. சிலை நின்ற இடத்தில்தான் நின்றது, வாயில் நகர்ந்துவிட்டது. எனவே இச்சிலையின் முதல் இடப்பெயர்ச்சி 1941இல் நிகழ்ந்தது என்பதினும், 1914இலேயே தொடங்கிற்று என்பது பொருந்தும். சிலை அசையாமல் நிற்கும்போதே அதன் இடம் மாறிவிடக்கூடும் என்பதற்கு இஃது ஓர் அரிய சான்றாகும்.

5. இரண்டாமிடம்: பூங்காவின் பள்ளம்

வண்டிகளின் கரியும் புகையும் சிலையின்மீது படிந்தன. சுற்றுப்புறமும் பொலிவிழந்தது. இந்நிலையில் அதனைத் தூயதோர் இடத்திற்கு மாற்ற வேண்டும் என்னும் வேண்டுகோள் எழுந்தது. 1941இல் சிலை நகரின் தென்புறத்திலுள்ள ஹைலேண்டு பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்னும் புகழ்பெற்ற பூங்காக் கலைஞர் அமைத்ததும், லைலாக் மலர்களுக்குப் பெயர் பெற்றதுமான பூங்கா அது. டக்ளஸின் எரிந்த வீடு இருந்த இடமும் அவர் துயிலும் இடுகாடும் அதற்கு அண்மையன.

இம்மாற்றத்திற்குக் கூறப்பெற்ற காரணங்கள் நியாயமானவை. புகையினின்று காத்தல் நன்று. வீட்டிருந்த மண்ணருகே நிறுத்தலும் நன்று. ஆயினும் விளைவு யாது? இயற்கையாய் அமைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில், மரங்கள் சூழ, சாலையினின்று விலகிச் சிலை நின்றது. நகருக்குள் வந்தோர் அனைவரும் ஒருகாலத்தில் கண்ட உருவத்தை இப்பொழுது தேடிச் சென்றோர் மட்டுமே கண்டனர். காட்சியாக இருந்தது புகலிடமாக மாறிற்று. தூய்மை பெற்றது; அவை இழந்தது. பேசும் நிலையில் வடிக்கப்பெற்ற உருவத்திற்குக் கேட்போரை இழத்தலினும் பெரிய இழப்பு வேறில்லை.

இதனோடு மற்றொரு வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் ராச்செஸ்டர் நகருக்கு வந்தனர். அவர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளுள் ஒன்று, பழைய நிலையத்தை அடுத்துத் தொடங்கும் ஜோசப் அவென்யூவைச் சார்ந்த ஏழாம் வட்டாரம். வீட்டு வசதிக் குறைவாலும் வேலையின்மையாலும் காவல்துறையின்மீது கொண்ட மனக்கசப்பாலும் 1964ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருங்கலகம் மூண்டது அவ்வட்டாரத்தில்தான். அவ்வூரில் தங்கள் முன்னோருள் தலையாய ஒருவரின் உருவம் தாங்கள் வாழும் தெருக்களின் தலைப்பில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் நின்றது என்பதைக் காட்ட அப்பொழுது அங்கு ஒரு பீடமும் இல்லை. சிலை அங்கேயே இருந்திருப்பின் கலகம் நேர்ந்திராது என்று கூறுவது பேதைமை. அது பெயர்க்கப்பட்ட காலமும் அம்மக்கள் அங்கு வந்து நிறைந்த காலமும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன என்பதை மட்டுமே நாம் சுட்டுகிறோம்.

6. மூன்றாமிடம்: சாலையின் முனை

2018ஆம் ஆண்டு டக்ளஸ் பிறந்த இருநூறாம் ஆண்டு. அவ்வாண்டில் ஒலிவியா கிம் என்னும் சிற்பி பழைய சிலையைத் தழுவி வடித்த 13 படிகள், டக்ளஸின் வாழ்வோடு தொடர்புடைய இடங்களில் நகரெங்கும் நிறுவப்பெற்றன. எரிந்த பண்ணை வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு பள்ளி உள்ளது. அதற்கு டக்ளஸின் முதல் மனைவியார் அன்னா மரே டக்ளஸின் பெயர் இடப்பெற்றுள்ளது. அதன் முன்னும் ஒரு படி நிற்கிறது. ஓர் இடத்தில் ஒளிந்திருந்த உருவம் பல இடங்களில் ஒருசேர வெளிப்பட்டது.

மறு ஆண்டு, 2019இல், மூலச்சிலையும் பூங்காவின் பள்ளத்திலிருந்து எடுக்கப்பெற்று, சவுத் அவென்யூவும் ராபின்சன் சாலையும் கூடும் முனையில் அமைத்த நினைவு முற்றத்தில் நிறுத்தப்பெற்றது. பூங்காவின் எல்லையை அது கடக்கவில்லை. தொலைவை அளந்தால் இடப்பெயர்ச்சி மிகச் சிறிது. பொருளை அளந்தால் மிகப் பெரிது. சாலையிற் செல்வோர் பார்வையில் சிலை மீண்டும் பட்டது.

பார்வையில் படுதல் இடரும் உடைத்து. 2018 இறுதியில் ஒரு படி சிதைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் மேப்பிள்வுட் பூங்காவிலிருந்த படி பீடத்தினின்று பிடுங்கி எறியப்பட்டது. தப்பி வந்த அடிமைகள் படகேறிக் கனடா செல்லத் துணைநின்ற துறை அப்பூங்காவை ஒட்டியது. அச்செயல் வெளிப்பட்ட நாளோ, 1852ஆம் ஆண்டுப் பேருரையின் நினைவு நாளை ஒட்டியது. மறைந்து நின்ற சிலைக்கு நேராத இழிவு வெளிப்பட நின்ற சிலைக்கு நேர்ந்தது. விரைவில் புதியதொரு படி நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே அப்பகுதியின் வானூர்தி நிலையத்திற்கு டக்ளஸின் பெயர் சூட்ட முடிவு செய்யப்பட்டது. புகைவண்டிக் காலத்து வாயிலில் அவர் உருவம் நின்றது. வானூர்திக் காலத்து வாயிலில் அவர் பெயர் நிற்கிறது. 1899இல் தாம்சன் குழுவினர் தேர்ந்த இடத்தின் கருத்து, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் வேறுவடிவில் மீண்டது எனலாம்.

7. சிலைகள் பற்றி டக்ளஸின் கருத்து

சிலைக்குரியவரே சிலைகளைப் பற்றி என்ன எண்ணினார் என்பதையும் அறிதல் நன்று. 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வாஷிங்டன் நகரத்து லிங்கன் பூங்காவில் விடுதலை நினைவுச்சின்னம் திறக்கப்பெற்றபோது தலைமையுரை நிகழ்த்தியவர் டக்ளஸ். விடுதலை பெற்ற அடிமைகளின் பொருளால் எழுந்தது அச்சின்னம். அதன் அமைப்பைப் பற்றிக் கருத்துக் கூறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. லிங்கன் நிற்க, அவர் முன்னே விலங்கொடிந்த கறுப்பினத்தவர் ஒருவர் முழந்தாளிட்டு எழும் நிலையில் அஃது அமைந்தது. சில நாட்களுக்குப் பின் டக்ளஸ் செய்தித்தாள் ஒன்றிற்கு எழுதிய மடல் 2020இல் ஆய்வாளரால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. முழந்தாளிட்டவரையன்றி நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத்தவரைத் தாம் காண விழைவதாகவும், எந்த ஒரு சின்னமும் முழு உண்மையையும் கூறிவிடாது என்றும், அப்பூங்காவில் வேறு சின்னங்களுக்கும் இடமுண்டு என்றும் அவர் அதில் குறித்தார்.

அவர் கருத்துப்படியே 1974இல் அப்பூங்காவில் மேரி மெக்லியோடு பெத்யூன் என்னும் கறுப்பினக் கல்வியாளர்க்குச் சிலை எழுந்தது. அச்சிலையை எதிர்நோக்குமாறு பழைய சின்னம் திருப்பி வைக்கப்பெற்றது. ஒன்றை அகற்றாமல் மற்றொன்றைச் சேர்த்தும் திசையை மாற்றியும் பொருளைத் திருத்தலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. ராச்செஸ்டர் சிலையோ டக்ளஸ் விழைந்தவாறே நிமிர்ந்து நிற்பது. அதற்குக் குறை வடிவில் இல்லை, இடத்தில்தான் நேர்ந்தது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று: சின்னத்தின் இடம் அதன் பொருளின் ஒரு கூறு, இடம் மாறின் பொருளும் மாறும். இரண்டு: சிலை அசையாதபோதும் ஊர் அசையும், ஆதலின் சிலையின் வரலாற்றை ஊரின் வரலாற்றினின்று பிரித்து எழுதல் ஆகாது. மூன்று: மதித்தலும் மறைத்தலும் எப்பொழுதும் எதிர்நிலையன அல்ல. 1941இல் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிறப்பே எழுபத்தெட்டு ஆண்டுகள் ஒரு குரலைத் தாழ்த்தி வைத்தது. பகைவர் வீழ்த்திய சிலைகளைப் பற்றி எழுதுவோர் பலர். அன்பர் ஒதுக்கி வைத்த சிலைகளைப் பற்றியும் எழுதுதல் ஆய்வாளர் கடனாகும்.

இன்னும் ஒன்று எஞ்சுகிறது. சிலை தன் சாலைமுனையை அடைந்தது. பெயரும் நகரின் வாயிலை அடைந்தது. ஆயின் 1894இல் தாம்சன் முதற்கண் நினைத்தது கறுப்பினப் படைவீரரையே. அவர்கள் அவ்வெண்கலத்தினுள் இன்னும் பெயரின்றி நிற்கின்றனர். சிலையைக் காண்போர் தந்தையின் முகத்தோடு அமையாது, அதற்கு உடல் தந்து நின்ற மகனையும், அவரோடு 54ஆம் படைப்பிரிவில் அணிவகுத்தோரையும் எண்ணிப் பார்ப்பாராயின், அச்சின்னம் அதன் முதற் கருத்தைத் திரும்பப் பெற்றதாகும். அதற்குப் பீடத்தைப் பெயர்க்க வேண்டுவதில்லை. வரலாற்றைச் செவ்வனே எடுத்துரைத்தலே போதும்.